ஓர் அங்குல இடம்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா முற்றத்தில் தார்ப்பாய் விரித்துத் தேங்காய் காயப் போட்டிருந்தாள். புதுக்கடையில் கடல்காற்று கொஞ்சம் பலமாகவே வீசும். தார்ப்பாய் பறக்காமல் இருக்க நான்கு மூலைக்கும் கனம் வைக்க வேண்டும். மூன்று மூலையில் கருங்கல். நாலாவது மூலையில் ஓர் இரும்புத் துண்டு.

சென்னையிலேயே பிறந்து வளர்ந்த என் மகன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, டம்பெல்லா?" என்றான்.

பார்க்க அப்படித்தான் இருந்தது. விரல் கனத்தில் இரண்டு இரும்புத் தகடுகள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க மேலே ஒரு பின், கீழே ஒரு பின். மேலெல்லாம் துரு.

"இதுக்குப் பேரு ஷேக்கிள். லாரிக்குப் பின்னால அடியில இருக்கும். தாத்தா செஞ்சது."

"தாத்தா டிரைவர்னுதானே சொன்னே?"

"டிரைவர்தான். ஒரே ஒரு தடவை கொல்லப்பட்டறை வேலையும் பார்த்தார்."

"எதுக்கு?"

அவனுக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சாயங்காலம்தான் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

புதுக்கடை தெரியாதவர்களுக்கு: கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். மார்த்தாண்டம், கருங்கல், தேங்காய்ப்பட்டணம் என்று மூன்று பக்கமும் சாலை பிரிகிற சந்தை ஊர். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழர்கள் போராடியபோது, 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1956 நவம்பர் 1-ம் தேதி, நாங்கள் தமிழ்நாடு ஆனோம். துப்பாக்கிச் சூடு நடந்தபோது அப்பாவுக்குப் பத்து வயது. சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு சுமந்துகொண்டு போன பையன். தலைச்சுமையாகத் தொடங்கிய அவர் வாழ்க்கை கடைசிவரை சுமையோடுதான் போனது. தலையில் இருந்தது பிறகு சைக்கிளுக்கு மாறியது. சைக்கிளிலிருந்து லாரிக்கு மாறியது.

சமதரையே பார்க்க முடியாத ஊர் எங்களுடையது. ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், ஒரு வளைவு. மறுபடி ஏற்றம். இரண்டு பக்கமும் கையாலை, நடுவே ஒரு வண்டி மட்டும் போகிற ரோடு. வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். ரோடு போட்ட ஆறாவது மாதம் குழி விழுந்துவிடும். இப்படிப்பட்ட பாதையில்தான் ரப்பர் தடியும் செங்கலும் ஜல்லியும் போகவேண்டும்.

1992-ல் அப்பா ஒரு பழைய மினி லாரி வாங்கினார். பாதிக் காசு கடன். அவர்தான் ஓனர், அவர்தான் டிரைவர். கூட ஒரு லோடுமேன். அப்பாவைவிட ஐந்தாறு வயது இளையவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அப்பாவை 'மொதலாளி' என்பார். "என்னை அப்பிடி விளிக்காதலே, கடன்காரன்னு விளி, அதுதான் செரி" என்பார் அப்பா. மாமா சிரித்துவிட்டு மறுபடியும் மொதலாளி என்பார்.

1994-ல் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் என்று பேச்சு. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது என்றால் என்ன செலவு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பா நடைக்கு நடை லோடைக் கூட்டினார். மூன்று நடையில் போக வேண்டிய ஜல்லி இரண்டு நடையில் போனது. டீசல் மிச்சம், நேரம் மிச்சம்.

வண்டி பின்பக்கம் உட்கார ஆரம்பித்தது.

இந்த இடத்தில் லாரிக்கு அடியில் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். பின் அச்சுக்கு மேலே, இரண்டு பக்கமும், வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பெரியது மேலே, வர வரச் சின்னது கீழே. இதைக் கமான் கட்டு என்போம். பட்டை என்பார்கள், பிளேட் என்பார்கள். நடுவில் யூ போல்ட் போட்டு அச்சோடு இறுக்கியிருக்கும். முன்முனை சேஸிஸில் ஒரு ஹேங்கரில், ஒரே ஒரு பின்னில் மாட்டியிருக்கும். பின்முனை நேராகச் சேஸிஸில் மாட்டாது. ஊஞ்சல் மாதிரி தொங்குகிற ஒரு சின்ன இணைப்பில் மாட்டும். அதுதான் ஷேக்கிள். எல்லா லாரியிலும் இதே அமைப்பு இருக்காது. சிலவற்றில் பின்முனை வழுக்கிக்கொண்டு நகரும். எங்கள் வண்டியில் ஷேக்கிள்.

எங்களுக்கு இது புதிய விஷயமில்லை. மாட்டுவண்டிக்கே வில் உண்டு. வில்வண்டி என்று சொன்னது அதனால்தான். பழைய திருவிதாங்கூரில் அது பெரியமனிதர் வண்டி. பண்டம் ஏற்றுகிற கட்டை வண்டிக்கு வில் கிடையாது. குழியில் விழுந்தால் 'டமார்' என்று விழும். பண்டத்துக்கு முதுகு வலிக்குமா என்ன! 1893-ல் அய்யன்காளி வெள்ளைக் காளைகள் பூட்டி, தன் மக்கள் நடக்கக்கூடாது என்று தடுத்திருந்த பொதுச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனது இந்த வில்வண்டியைத்தான். அவர் ஊர் வெங்ஙானூர், விழிஞ்ஞத்துக்குப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து கடற்கரையோரமாகப் போனால் அதிகத் தூரமில்லை. ரோட்டில் போகும் உரிமைக்கான சண்டைதான் அது. ஆனாலும் அவர் அதற்கு வில் வைத்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததை நினைக்கும்போது, குலுங்காமல் உட்கார்ந்து போவதும் மனிதனுக்கு ஒரு மரியாதைதான் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் லாரிக்கு வருகிறேன். அப்பா இரண்டு காரியம் செய்தார்.

முதலாவது, பட்டை ஏற்றினார். ஏழு பட்டை இருந்த இடத்தில் மூன்று சேர்த்துப் பத்து ஆக்கினார். இது ஊர் உலகமெல்லாம் நடப்பதுதான். எந்த நெடுஞ்சாலையில் வேண்டுமானாலும் பாருங்கள், பட்டைவேலை செய்கிற பட்டறை வரிசையாக இருக்கும். பத்து பட்டை போட்டதும் வண்டி நிமிர்ந்து நின்றது. லோடு ஏற்றினாலும் தாழவில்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். காலி வண்டியாகத் திரும்பும்போதுதான் தெரிந்தது. ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. பின்னால் உட்கார்ந்து வந்த மாமா, "மொதலாளி, எனக்க நடுவு ஒடிஞ்சு போச்சு" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அப்பாவுக்கு அன்றைக்கு ஒன்று உறைக்கவில்லை. பட்டை மூன்று கூடினால் கமான்தான் பலமாகிறது. சேஸிஸ் பழைய சேஸிஸ்தான். அச்சு அதே அச்சு. பிரேக் அதே பிரேக். பத்து பேர் சாப்பாட்டை ஏழு பேர் வயிற்றுக்குள் தள்ளுகிற மாதிரி, எங்கேயாவது ஓர் இடத்தில் அது வெளியே வந்துதான் தீரும்.

இரண்டாவது காரியம்தான் பெரிய தப்பு. இவ்வளவு கனத்தில் ஷேக்கிளின் புஷ் தேய்ந்துபோய், குழியில் இறங்கும்போதெல்லாம் 'டக் டக்' என்று தட்டியது. இரண்டு தடவை பின் ஒடிந்தது. மூன்றாவது தடவை ஒடிந்தபோது அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஆடுவதால்தானே ஒடிகிறது? ஆடாமல் செய்துவிட்டால்? ஷேக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கனமான இரும்பில் ஒரு பிராக்கெட் அடித்து, பட்டையின் பின்முனையையும் முன்முனை மாதிரியே சேஸிஸோடு நிரந்தரமாகப் பிடித்து வெல்டு வைக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு கொல்லப்பட்டறை இருந்தது. வெட்டுகத்தி, மண்வெட்டி, ரப்பர் வெட்டுகிற கத்தி எல்லாம் அடிப்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஆசான். அப்பாவும் அவரை 'ஆசானே' என்றுதான் கூப்பிடுவார். அவர் அப்பாவைத் தம்பி என்பார். வெல்டு வைத்த வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு ஆசான் சொன்னார்:

"தம்பி, அது ஆடணும். ஆடத்தான் அதை வெச்சிருக்கு."

"ஆடுனா எப்பிடி ஆசானே லோடு தாங்கும்?"

"ஆடாட்டிதான் தாங்காது."

அப்பா சிரித்தார். "நீங்க கத்தி அடியுங்க, நான் வண்டி ஓட்டுதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவின் சுபாவமே அதுதான். வீட்டிலும் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். அசைய மாட்டார். அசைந்தால் பலவீனம் என்று நினைத்தார். அம்மாவும் நாங்களும் அதற்குப் பழகியிருந்தோம்.

வண்டி ஒரு மாதத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது. தட்டுகிற சத்தமே இல்லை. அப்பா ஆசானின் பட்டறையைத் தாண்டும்போது ஹார்ன் அடித்துக்கொண்டு போவார்.

நவம்பர் மாதம், ஐப்பசி மழை. ஜல்லி லோடு. மேலே சாக்கை விரித்து மாமா உட்கார்ந்திருந்தார். ஓர் இறக்கத்தில், தண்ணீர் நிரம்பிய குழி ஒன்றில் இடது பின்சக்கரம் இறங்கியது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டதாக அப்பா சொன்னார். முன் ஹேங்கரின் ரிவிட் எல்லாம் பிய்ந்துவிட்டது. அச்சைத் தன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதே அந்த முன் ஹேங்கர்தான். அது போனதும் அச்சின் இடது பக்கம் பின்னுக்கு நகர்ந்துவிட்டது. ஸ்டியரிங் அப்பா கையில் இருந்தது. வண்டி அவர் கையில் இல்லை. குறுக்கே திரும்பிக் கையாலையில் போய்ச் சாய்ந்தது.

அப்பாவுக்கு நெற்றியில் ஒரு கீறல். மாமா ஜல்லியோடு சரிந்து விழுந்தார். இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

போலீஸ் வந்து கேட்டபோது மாமா சொன்னது ஒரே வாக்கியம்: "மழையில வண்டி சறுக்கிச்சு."

அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒன்றும் பேசவில்லை. பேசவில்லை என்பதுதான் அதன்பிறகு அவரைத் தூங்கவிடாமல் செய்தது. இரண்டு வாரம் வீட்டில் யாரோடும் பேச்சில்லை. அம்மா கழுத்திலிருந்த செயின் ஆஸ்பத்திரிக்குப் போனது. கல்யாணச் செலவுக்குச் சேர்த்ததில் பாதியும் போனது. ஒரு ராத்திரி, சாப்பிட்ட கையோடு எழுந்து, "வாலே" என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எனக்கு அப்போது பத்தாம் வகுப்பு.

கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, தயாரித்து வைத்த மாதிரி, "அந்த வெல்டு வெக்கச் சொன்னது நான்தான்" என்றார்.

மாமா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதா மொதலாளி? ஜல்லி வாரி ஏத்துனது நானில்லியா? எவ்வளவு ஏத்துனேன்னு எனக்கில்லியா தெரியும்?"

"பின்ன ஏன் போலீசுட்ட அப்பிடிச் சொன்ன?"

"மகளுக்குக் கல்யாணம் வருதுல்லா. நடக்க முடிஞ்சா என்னைத் திரும்பவும் வண்டியில எடுத்தா மதி."

அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் அப்பா ஆசானின் பட்டறையில் போய் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. நான் ஸ்கூல் விட்டு வந்தபோது ஆசான் ஒரு தென்னை ஈர்க்கிலை வைத்துக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தார். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஈர்க்கில் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். அதை வில் மாதிரி வளைத்து, இரண்டு முனையும் நகர முடியாதபடி இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவில் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். இப்போது நடுவில் விரலால் அழுத்துங்கள். இறங்காது, முரண்டு பிடிக்கும். இன்னும் அழுத்தினால் புத்தகத்தைத் தள்ளும், இல்லாவிட்டால் உடையும். ஒரு பக்கத்துப் புத்தகத்தை மட்டும் கொஞ்சம் விலக்குங்கள். சுகமாகத் தாழும், விரலை எடுத்தால் சுகமாக எழும்பும்.

வளைந்த பட்டை கனம் ஏறி நிமிரும்போது அதன் இரண்டு முனைக்கும் நடுவிலுள்ள தூரம் கூடுகிறது. அவ்வளவுதான் விஷயம். நான் பிறகு பாலிடெக்னிக்கில் படித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முனைக்கு முனை நாலடி, நடுவில் நாலங்குல வளைவு உள்ள ஒரு வில் முழுக்க நிமிர்ந்தால், கூடுகிற நீளம் கிட்டத்தட்ட முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். ஓர் அங்குலம்கூட முழுசாக இல்லை. அந்த ஓர் அங்குலம் நகரத்தான் ஷேக்கிள். டன் கணக்கில் சுமக்கிற லாரிக்கு அந்த ஓர் அங்குல இடம் வேண்டியிருக்கிறது. அப்பா அதைத்தான் வெல்டு வைத்து அடைத்துவிட்டார். ஒவ்வொரு குழியிலும் பட்டை பின்னால் நகரப் பார்த்தது. முடியவில்லை. முன் ஹேங்கரைத் தள்ளியது. ஒரு மாதம் பொறுமையாகத் தள்ளியிருக்கிறது.

"செரி ஆசானே," என்றார் அப்பா. "இனி அதை நாமளே செய்வோம். நான் செய்யுதேன். நீங்க சொல்லுங்க."

கடையில் வாங்கினால் ஒரு மணி நேர வேலை. ஏன் வாங்கவில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. காசில்லை என்று நினைத்தேன். காசும் இல்லைதான்.

நான்கு நாள் ஆனது. அரை அங்குலக் கனத்தில், மூன்று அங்குல அகலத்தில் பட்டை இரும்பு வாங்கி எட்டுத் துண்டு வெட்டினார்கள். நான்கு தகடு வண்டிக்கு. நான்கு உபரி. சிரட்டைக்கரி உலை. துருத்தி என் பொறுப்பு. முனைகளைப் பழுக்கக் காய்ச்சி உருட்டி எடுத்தார்கள். கூர் மூலை இருந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்குமாம். அப்பா சம்மட்டி அடித்தார். ஐம்பது வயது மனிதர், ஸ்டியரிங் பிடித்த கை, முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஆசான் ஒன்றும் சொல்லவில்லை. வேப்பெண்ணெய் கொடுத்தார்.

ஓட்டை போடுவதில்தான் ஆசான் கறாராக இருந்தார். இரண்டு தகட்டையும் தனித்தனியாகத் துளைக்கக் கூடாது. ஒன்றாகச் சேர்த்து இறுக்கி, ஒரே நேரத்தில் துளைக்க வேண்டும். ஒரு நூல் மாறினாலும் பின் சாய்ந்துவிடும். சாய்ந்த பின் சுற்றாது, கடிக்கும். முதல் ஜோடியை அப்பா அவசரத்தில் தனித்தனியாகத் துளைத்துவிட்டார். மாட்டிப் பார்த்தால் இறுகி நின்றது. "இது வேண்டாம்" என்று ஆசான் அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். அப்பா மறுபேச்சுப் பேசாமல் உபரித் தகட்டை எடுத்தார். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒன்றைத் திரும்பச் செய்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பின்னும் பித்தளை புஷ்ஷும் மார்த்தாண்டத்தில் லேத்தில் கடைந்து வாங்கினோம். பின்னுக்கு நடுவில் நீளவாக்கில் ஒரு சின்னத் துளை, தலையில் கிரீஸ் நிப்பிள். தேய்மானத்தைத் தகடு தின்னக் கூடாது, புஷ் தின்ன வேண்டும். புஷ்ஷை மாற்றலாம்.

பிய்ந்த ஹேங்கருக்கும் நடுவே ஒரு யோசனை வந்தது. பட்டையோடு சேர்த்து வெல்டு வைத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். ஆசான் பதறிவிட்டார். கமான் பட்டை சாதா இரும்பில்லை. பதம் வைத்த உருக்கு. அதில் வெல்டு சூடு பட்டால் அந்த இடத்தில் பதம் கெட்டு மொரமொரப்பாகிவிடும். கண்ணாடி மாதிரி ஒடியும். ஹேங்கரைப் புதிதாகப் போல்ட் போட்டுத்தான் மாட்டினார்கள்.

கடைசியில் மாட்டுகிற நாள். வண்டியின் சேஸிஸை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை அடுக்கி நிறுத்தினோம். கூடுதலாகப் போட்ட மூன்று மூன்று பட்டையையும் அப்பாவே கழற்றினார். மறுபடி ஏழு. ஷேக்கிளை மாட்டினார்கள். மேல்முனை சேஸிஸில், கீழ்முனை பட்டையின் கண்ணில். காலி வண்டியில் அதன் கீழ்முனை கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்க வேண்டும். லோடு ஏறினால் பின்னால் நகரும். இரண்டு பக்கமும் எதிலும் முட்டக் கூடாது. பின் முனையில் நட்டை முழு பலத்தோடு இறுக்கப்போன அப்பாவின் கையை ஆசான் பிடித்தார்.

"ரொம்ப முறுக்காத தம்பி. தகடு புஷ்ஷை நெரிச்சிரும். கழண்டு போகாம இருக்க ஊசி போட்டிருக்குல்லா. கொஞ்சம் விடு."

அப்பா ஸ்பேனரை அரைச் சுற்றுத் திருப்பினார்.

முதல் லோடு பாதி லோடு. ஏற்றி, நான்கு கிலோமீட்டர் ஓட்டி, திரும்பி வந்து யூ போல்ட்டை மறுபடி இறுக்கினார்கள். கனம் ஏறியதும் பட்டைகள் அமுங்கி உட்கார்ந்து போல்ட் தளரும். அதனால் புதிதாக மாட்டினால் திரும்ப இறுக்கியே ஆகவேண்டும். நான் ரோட்டோரக் குழி ஒன்றின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். சக்கரம் குழியில் இறங்கியது. ஷேக்கிள் பின்னால் ஒரு விரலளவு நகர்ந்தது. மறுபடி முன்னால் வந்தது. சத்தமே இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் பட்டறைக்குக் கிளம்ப வேண்டாம். தயாரித்தவர்கள் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. அதிக பாரம் ஏற்றுவதைப் பணம் கட்டி அனுமதிக்கிற டோக்கன் முறைக்கு 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. 2018-ல் அரசாங்கமே அச்சுக்கு அனுமதித்த எடையை உயர்த்தியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. இத்தனைக்குப் பிறகும் பட்டை ஏற்றுகிற லாரிகள் ஓடத்தான் செய்கின்றன. ஏற்றுகிறவனைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. அவன் வீட்டிலும் ஒரு தை மாதம் காத்திருக்கும்.

அக்கா கல்யாணம் தை மாதம் நடக்கவில்லை. அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஆறு மாதம் தவணை கேட்டார். பழைய அப்பாவாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். கிட்னியை விற்றாவது சொன்ன தேதியில் நடத்தியிருப்பார். அவர்கள் சரி என்றார்கள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாமா கம்பு ஊன்றிக்கொண்டு வந்து பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மறுபடி வண்டியில் ஏறினார் மாமா. கால் கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார், கடைசிவரை. லோடு மேலே ஆள் உட்காரக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். அவர் வண்டியில் அது மீறப்பட்டதே இல்லை. மாமா கேபினுக்குள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனார். ஜல்லி மூன்று நடையில் போனது. கடன் அடைய மேலும் நான்கு வருடம் ஆனது.

கழற்றிய ஆறு பட்டையை ஆசான் எடுத்துக்கொண்டார். கூலி அதுதான் போதும் என்றார். கமான் பட்டைதான் நல்ல அரிவாளுக்கு உருக்கு. பட்டறைக்காரர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். ஒரு பட்டையில் அம்மாவுக்கு ஒரு வெட்டுகத்தி அடித்துக் கொடுத்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் தேங்காய் உடைப்பது அதில்தான்.

2003-ல் வண்டி ஓய்ந்துபோய் இரும்பு விலைக்குப் போனது. கொடுப்பதற்கு முந்தின நாள் அப்பா அடியில் படுத்து ஷேக்கிள் இரண்டையும் கழற்றிக்கொண்டார். ஒன்றை மாமா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை வைத்து அவர் என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. இன்னொன்று இது. 2011-ல் அப்பா போனார். பெட்டியைத் தூக்க மாமாவும் வந்து நின்றார். கால் முடியாதே என்று யாரோ தடுத்தார்கள். "இது எனக்க லோடு" என்றார். யாரும் அதற்குமேல் பேசவில்லை.

எங்கள் பக்கத்துப் பழைய சாலையோரங்களில் இன்னும் அங்கங்கே சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும். தலைச்சுமைக்காரர்கள் இறக்கி வைத்து இளைப்பாற. அப்பா நெடுநாள் அந்தக் கல்லாக இருக்கத்தான் முயன்றார் என்று நினைக்கிறேன். கல் நிற்கிற இடத்திலேயே நிற்பது. வண்டியோ ஓடவேண்டியது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மகன் ஷேக்கிளின் இரண்டு தகட்டையும் பிடித்துத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. "ஆடும்னு சொன்னே?" என்றான். உள்ளே போய் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து பின் ஓரத்தில் விட்டேன். கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று வைத்தோம். பிறகு நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் பிடித்து மெதுவாகத் தள்ளினோம். முதலில் 'கிரிச்' என்றது. அப்புறம் வழிவிட்டது. அவன் அதை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அம்மா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தாள்: "ஆட்டுனது மதி மக்களே. காத்து வருது, மூலையில கொண்டு வையி."